மலை முகாமில் கைபேசி சிக்னல் கிடைக்கவில்லையா? செய்ய வேண்டியவை என்ன, சட்டம் தடுப்பவை எவை? - முழு விவரம்

கராடி (புனே): மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் கிழக்குப் பகுதியில், அகமத்நகர் சாலையையொட்டி அமைந்துள்ள கராடி, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் செறிந்த பகுதியாகும். இயான் ஐடி பார்க், உலக வர்த்தக மையம் உள்ளிட்ட வளாகங்களில் தமிழர்கள் உட்பட நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்தோர் பணியாற்றுகின்றனர். வார இறுதி நாள்களில் இவர்களில் பலர் நகரின் மேற்கே உள்ள சஹ்யாத்ரி மலைத்தொடரை நோக்கிப் புறப்படுகின்றனர். பவனா ஏரிக்கரை, முல்ஷி, தாம்ஹிணி கணவாய், ராஜ்மாச்சி ஆகியவை கூடாரம் அமைத்துத் தங்குவோர் விரும்பும் இடங்கள்.

நகரில் தடையின்றிக் கிடைக்கும் 5ஜி சேவை, மலையடிவாரத்தை அடைந்ததும் 4ஜி ஆகிறது. பள்ளத்தாக்கில் இறங்கியதும் பல இடங்களில் முற்றிலும் மறைந்துவிடுகிறது. அலுவலகச் செய்தி வந்து சேராமல் போவது சிறிய இடையூறுதான். ஆனால், காட்டாற்றில் வெள்ளம் பெருகும்போதோ, பாறையில் வழுக்கி ஒருவருக்கு எலும்பு முறியும்போதோ உதவிக்கு அழைக்க முடியாத நிலை உயிருக்கே ஆபத்தாக முடியும். தொலைதூர முகாம்களில் சிக்னல் குறைவதற்கான காரணங்கள், அதனை மேம்படுத்துவதற்கான வழிகள், இந்தியச் சட்டம் அனுமதிக்காத கருவிகள் ஆகியவை குறித்த விவரங்கள் இங்கே தொகுத்து அளிக்கப்படுகின்றன.

மலைப்பகுதியில் சிக்னல் குறைவது ஏன்?

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே செல்வது வானொலி அலை. இது பெரும்பாலும் நேர்க்கோட்டில் பயணிக்கிறது. சஹ்யாத்ரி மலைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரும்பாறைகளால் ஆனவை. இப்பாறை முகடுகளை அலை ஊடுருவ இயலாது. விளிம்பில் சற்றே வளைந்து மறுபுறம் செல்லும் சிறு பகுதி மட்டுமே பள்ளத்தாக்கை அடைகிறது. லோஹகட், விசாபூர், துங், திகோனா ஆகிய கோட்டைகள் சூழ்ந்த பவனா நீர்த்தேக்கப் பகுதியில், ஒரு கரையில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் மறுகரையின் வளைவில் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

அலைவரிசையும் முக்கியப் பங்கு வகிக்கிறது. நகரங்களில் 5ஜி சேவைக்குப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிக வேகம் தரும். ஆனால் அதன் வீச்சு குறைவு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் வேகத்தில் பின்தங்கினாலும் நெடுந்தொலைவு செல்பவை. தடைகளைச் சுற்றி ஓரளவு வளைபவை. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் ஜியோ பெற்றது. 850 மெகாஹெர்ட்ஸிலும் அந்நிறுவனம் 4ஜி சேவை வழங்குகிறது. ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகியவை 900 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகின்றன. எனவே மலையில் கிடைக்கும் சேவை பெரும்பாலும் இந்தத் தாழ் அலைவரிசைகளைச் சார்ந்ததாகவே இருக்கும்.

மூன்றாவது காரணம் உயரம். பூமியின் வளைவால், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பார்ப்பவருக்குத் தொடுவானம் 4 முதல் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுற்றுப்புறத்தைவிட 100 மீட்டர் உயர்ந்த மேட்டில் நிற்பவருக்கு அது சுமார் 36 கிலோமீட்டராக விரிகிறது. இதனால்தான் சிறு மேட்டில் ஏறியவுடன் அதுவரை வராத குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன.

எனினும், உச்சிக்குச் சென்றால் எப்போதும் சிறந்த இணையம் கிடைக்கும் என்பது சரியல்ல. கோபுரங்களின் ஆன்டெனாக்கள் ஊர்களையும் சாலைகளையும் நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுகின்றன. உயர்ந்த சிகரத்தில் நிற்கும் கைபேசிக்கு ஒரே நேரத்தில் பல கோபுரங்கள் தென்படுவதால், அவற்றின் அலைகள் ஒன்றுக்கொன்று குறுக்கிடுகின்றன. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் இணையப் பக்கம் திறக்காமல் போவது இதனால்தான். இத்தகைய இடங்களில் சிகரத்தின் உச்சியைவிட, ஊர் தெரியும் பக்கத்துச் சரிவில் சற்றுக் கீழே இறங்கி நிற்பது பயன் தரும். பின்னால் உள்ள மலை, தேவையற்ற கோபுரங்களின் அலைகளைத் தடுத்துவிடும்.

மழைக்காலத்தில் அடர்ந்து வளரும் ஈர இலைகளும் அலைகளை உறிஞ்சுகின்றன. கோடையில் சிக்னல் கிடைத்த அதே முகாமில் ஆகஸ்டு மாதத்தில் கிடைக்காமல் போகலாம்.

கோடுகளை அல்ல, எண்ணைப் பாருங்கள்

கைபேசித் திரையில் தோன்றும் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. சிக்னலின் உண்மையான வலிமை 'டிபிஎம்' எனும் அலகில் எதிர்மறை எண்ணாக அளவிடப்படுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செட்டிங்ஸ் பகுதியில் 'அபவுட் ஃபோன்', அதில் 'சிம் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் இதைக் காணலாம். ஐபோனில் *3001#12345#* என்ற எண்ணை அழைத்தால் அளவீட்டுத் திரை தோன்றும்.

4ஜி சேவையில் இந்த எண்களின் பொருள் தோராயமாக வருமாறு:

• மைனஸ் 80 அல்லது அதற்கு மேல்: மிக நன்று
• மைனஸ் 90 அளவில்: நன்று, காணொலி அழைப்பு இயலும்
• மைனஸ் 100 அளவில்: குரல் அழைப்பும் செய்திகளும் இயலும்
• மைனஸ் 110 அளவில்: இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும்
• மைனஸ் 120 அல்லது அதற்குக் கீழ்: பயன்படுத்த இயலாது

இந்த அளவுகோலில் 3 புள்ளிகள் உயர்ந்தால் சிக்னலின் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 புள்ளிகள் உயர்ந்தால் பத்து மடங்காகிறது. ஆகவே மைனஸ் 112 என்றிருப்பதை மைனஸ் 105ஆக உயர்த்தினாலே, துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்த அழைப்பு நிலைபெற வாய்ப்புள்ளது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முகாமில் படும் சிரமத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே தவிர்க்கலாம்.

இரண்டு நிறுவனங்களின் சிம்: மலைப்பகுதியில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் இல்லாத இடத்தில் மற்றொன்றின் கோபுரம் இருக்கலாம். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகியவற்றுக்கு 2ஜி சேவை உள்ளதால், 4ஜி கிடைக்காத விளிம்புப் பகுதியிலும் குரல் அழைப்புக்கு வாய்ப்பு உண்டு. எனவே, இரு சிம் கைபேசியில் ஜியோவுடன் மற்ற மூன்றில் ஒன்றை வைத்திருப்பது பயனுள்ளது.

சேவை வரைபடம்: தங்கள் சேவை கிடைக்கும் பகுதிகளின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என நிறுவனங்களுக்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2024ஆம் ஆண்டின் சேவைத் தர விதிமுறைகளில் உத்தரவிட்டுள்ளது. தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கோபுரங்களின் அமைவிடங்களையும் காணலாம். கூடாரம் அமைக்கவுள்ள இடத்துக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் நடுவே மலை உள்ளதா என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பொதுக் கோபுரத் திட்டம்: அரசு நிதியில் ஊரகப் பகுதிகளில் அமைக்கப்பட்ட 4ஜி கோபுரங்களை ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் வசதி 2025 ஜனவரி 17 அன்று தொடங்கப்பட்டது. சுமார் 27,000 கோபுரங்கள் இதில் அடங்கும். இத்தகைய இடங்களில் வேறு நிறுவனத்தின் கோபுரத்துடன் கைபேசி இணையக்கூடும் என்பதால், டேட்டா ரோமிங் வசதியை இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

இணையமின்றி இயங்கும் வரைபடம்: செல்லும் பகுதியின் வரைபடத்தை முன்னரே பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் வசதி செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகத் தகவல் பெறுவதால், அதற்குக் கைபேசி சிக்னல் தேவையில்லை. ஆனால் இணைய உதவி இல்லாதபோது முதன்முறை இருப்பிடம் கண்டறியச் சில நிமிடங்கள் ஆகலாம். திறந்தவெளியில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

வைஃபை அழைப்பு: சில முகாம் விடுதிகளில் கம்பிவழி இணையம் மூலம் வைஃபை வழங்கப்படுகிறது. கைபேசியில் 'வைஃபை காலிங்' வசதியை இயக்கியிருந்தால், கோபுர சிக்னல் இல்லாமலேயே சொந்த எண்ணிலிருந்து வழக்கமான அழைப்புகளை மேற்கொள்ளலாம். ஏர்டெல், ஜியோ நிறுவனங்கள் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தச் சேவையை அறிமுகப்படுத்தின.

தகவல் அளித்தல்: செல்லும் பாதை, தங்கும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றைக் குடும்பத்தினர் அல்லது நண்பர் ஒருவரிடம் எழுத்து வடிவில் அளிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். சிக்னலே இல்லாத இடத்திலும் பயன்தரும் ஏற்பாடு இது.

முகாமில் சிக்னலை மேம்படுத்தும் வழிகள்

செலவில்லாத வழி, இடம் மாறுவது. பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகளும் நேரடியாக வரும் அலைகளும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில புள்ளிகளில் அழித்துக்கொள்கின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 1,800 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி. எனவே அரை அடி நகர்ந்தாலே சிக்னல் மாறக்கூடும். கைபேசியை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் சில வினாடிகள் நின்று டிபிஎம் எண்ணைக் கவனிக்க வேண்டும். நல்ல இடம் கிடைத்ததும் அங்கே ஓர் அடையாளம் வைத்தால், இரவில் தேவைப்படும்போது தேட வேண்டியிராது.

அடுத்தது உயர்த்துதல். ஒரு கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, நீர்புகாத பையில் இட்டு, மரக்கிளையிலோ மூங்கில் கழியிலோ இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, கீழே மற்றொரு கைபேசியில் இணையத்தைப் பயன்படுத்தலாம். மனித உடலும் கையும் அலைகளை உறிஞ்சுவதால், கையில் பிடிப்பதைவிட இதனால் கூடுதல் பயன் கிடைக்கும். இடி மின்னல் உள்ள நேரத்தில் இம்முயற்சியைக் கைவிட வேண்டும். குறிப்பாக, பருவமழைக்கு முந்தைய மே மாத மாலைகளில் திறந்த முகட்டில் உலோகக் கம்பத்தை உயர்த்துவது உயிருக்கு ஆபத்தானது.

கைபேசி அமைப்புகளிலும் சில மாற்றங்கள் உதவும். 5ஜி விளிம்பில் கைபேசி இரு சேவைகளுக்கும் இடையே மாறி மாறித் தாவுவதால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். 4ஜியை மட்டும் தேர்வு செய்வது நல்லது. விமானப் பயன்முறையை இயக்கிச் சில வினாடிகளுக்குப் பின் நீக்கினால், கைபேசி புதிதாகக் கோபுரத்தைத் தேடும். உலோகக் கூரையுள்ள கார்களுக்குள் சிக்னல் குறையும் என்பதால் வெளியே வந்து முயல வேண்டும்.

பவனா போன்ற இடங்களில் சனிக்கிழமை இரவில் சிக்னல் இருந்தும் இணையம் நகராமல் இருப்பதற்கு நெரிசலே காரணமாக இருக்கலாம். சில ஊர்களுக்காக அமைக்கப்பட்ட கோபுரத்தைப் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நிலை அது. கோப்புகளை அனுப்ப வேண்டியவர்கள் அதிகாலை நேரத்தைத் தேர்வு செய்யலாம்.

குறுஞ்செய்தியே கடைசித் துணை

இணையமும் குரல் அழைப்பும் இயலாத இடத்திலும் எஸ்எம்எஸ் சென்று சேர வாய்ப்புள்ளது. அதற்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவு. சில வினாடிகள் சிக்னல் கிடைத்தாலே போதும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகளாயின் 160 இடங்கள் உண்டு. தமிழில் எழுதினால் 70 இடங்கள் மட்டுமே. அதிலும் உயிர்மெய்க் குறியீடுகள் தனித்தனியே கணக்கிடப்படுவதால், மூன்று எழுத்துகளாகத் தோன்றும் 'கராடி' என்ற சொல் 5 இடங்களை எடுத்துக்கொள்ளும். அளவை மீறிய செய்தி பல துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு துண்டு தவறினாலும் செய்தி முழுமையடையாது. ஆகவே, அவசரச் செய்தியை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக அனுப்புவதே பாதுகாப்பானது.

மின்கலச் சேமிப்பு

சிக்னல் குறையக் குறையக் கைபேசி அதிக ஆற்றலுடன் அலைகளை அனுப்புகிறது. சிக்னலே இல்லாதபோது இடைவிடாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. நகரில் ஒரு நாள் முழுவதும் தாங்கும் மின்கலம் மலையில் சில மணி நேரத்தில் தீர்ந்துபோவது இதனாலேயே. குழுவாகச் செல்வோர், ஒரு கைபேசியை மட்டும் இயக்கத்தில் வைத்து மற்றவற்றை விமானப் பயன்முறையில் வைக்கலாம். ஒரு பவர் பேங்கை அவசரத் தேவைக்கென்றே ஒதுக்கி வைப்பது அவசியம்.

எந்தக் கருவிகளுக்கு அனுமதி, எவற்றுக்குத் தடை?

சிம் பொருத்தும் கையடக்க ரௌட்டர்களில் சில, வெளிப்புற ஆன்டெனாவை இணைக்கும் வசதி கொண்டவை. கோபுரம் உள்ள திசையை நோக்கி வைக்கப்படும் திசை ஆன்டெனா, அந்தத் திசையிலிருந்து வரும் அலைகளைக் கூடுதலாகத் திரட்டித் தருகிறது. மின்னாற்றலால் அவற்றைப் பெருக்குவதில்லை. இணைப்புக் கம்பி நீளமாக இருந்தால் திரட்டிய பயன் கம்பியிலேயே வீணாகிவிடும் என்பதால், ரௌட்டரை ஆன்டெனாவுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். இந்தியாவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்ற ரௌட்டர்களையே வாங்க வேண்டும்.

இதற்கு மாறாக, இணையச் சந்தைகளில் 'மொபைல் சிக்னல் பூஸ்டர்', 'ரிப்பீட்டர்' என்ற பெயர்களில் விற்கப்படும் கருவிகள் அலைகளைப் பெருக்கி மறு ஒலிபரப்புச் செய்பவை. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறெவரும் இவற்றை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் எனத் தொலைத்தொடர்புத் துறை அறிவித்துள்ளது. தரமற்ற பூஸ்டர் ஒன்று கோபுரத்தை நோக்கி இரைச்சலை அனுப்பினால், அந்தக் கோபுரத்தைச் சார்ந்த ஊர்மக்களின் அழைப்புகளும் பாதிக்கப்படும். ஒரே கோபுரத்தை நம்பியுள்ள மலைக் கிராமத்தில் இதன் விளைவு கடுமையாக இருக்கும்.

கைபேசியின் பின்புறம் ஒட்டும் 'ஆன்டெனா ஸ்டிக்கர்'களால் பயனில்லை. அலுமினியத் தாளைச் சுற்றுவதால் சிக்னல் மேலும் குறையவே வாய்ப்புண்டு.

செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டு செல்லலாமா?

வெளிநாடுகளில் மலையேறுவோர் இயல்பாகக் கொண்டு செல்லும் செயற்கைக்கோள் கருவிகளுக்கு இந்தியாவில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. துராயா, இரிடியம் தொலைபேசிகளை அரசின் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. பிஎஸ்என்எல் வழியாக, உரிய அனுமதியுடன் வழங்கப்படும் இன்மார்சாட் சேவைக்கே இடமுண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் பிடிபட்ட நிகழ்வுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை முகாமுக்கு அழைத்துச் செல்வோர் இதனை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்குச் செயற்கைக்கோள் சேவைக்கான உரிமம் 2025 ஜூனில் வழங்கப்பட்டது. எனினும், வெளிநாட்டில் வாங்கிய கருவியை இங்கு கொண்டுவந்து பயன்படுத்த அந்த உரிமம் அனுமதி ஆகாது.

ஆபத்து நேரத்தில் 112

நாடு முழுவதற்குமான அவசர உதவி எண் 112. தங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும், அப்பகுதியில் வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் அதன் வழியாக இந்த அழைப்பு செல்லக்கூடும். கைபேசித் திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று காட்டுவது, வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டும் தொலைவில் உள்ளது என்பதற்கான அறிகுறி. அந்த நிலையில் உறவினருக்கு முயன்று மின்கலத்தைத் தீர்ப்பதைவிட, உடனடியாக 112ஐ அழைப்பதே சரி.

அழைப்பின்போது முதலில் தெரிவிக்க வேண்டியது இருப்பிடம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் வரை கூறினால், சுமார் 11 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கண்டறியலாம். அதன்பின் காயமடைந்தோர் எண்ணிக்கை, காயத்தின் தன்மை, அருகிலுள்ள ஊர் அல்லது கோட்டையின் பெயர் ஆகியவற்றைக் கூற வேண்டும். சஹ்யாத்ரியில் மீட்புப் பணியைத் தன்னார்வ மலையேற்றக் குழுக்கள் பெருமளவில் மேற்கொள்கின்றன. லோனாவாலாவின் சிவதுர்க் மித்ர அத்தகைய குழுக்களுள் ஒன்று. மகாராஷ்டிர மலையேறுவோர் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இக்குழுக்களை ஒருங்கிணைக்கிறது.

தகவல் தொடர்பு இல்லாமையின் விலை என்ன என்பதைப் புனே மாவட்டம் அறியும். 2014 ஜூலை 30 அன்று அம்பேகாவ் வட்டத்தில் உள்ள மாலின் கிராமம் நிலச்சரிவில் புதைந்தது. அவ்வழியே சென்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநர், ஊர் இருந்த இடத்தில் மண்மேட்டைக் கண்ட பின்னரே வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. சுமார் 150 பேர் உயிரிழந்தனர். சரியாகப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் நேரிட்ட நிலச்சரிவின்போது, தகவல் பரிமாற்றத்துக்கு உரிமம் பெற்ற ஹாம் வானொலி ஆர்வலர்கள் உதவினர்.

தமிழகத்தில் செல்வோர் கவனத்துக்கு

மேற்கூறிய வழிமுறைகள் நீலகிரி, வால்பாறை, மேகமலை, கொல்லிமலை உள்ளிட்ட தமிழக மலைகளுக்கும் பொருந்தும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளில் முன்பதிவுடன், வழிகாட்டியின் துணையோடு மலையேற்றம் அனுமதிக்கப்படுகிறது. சிக்னல் கிடைக்கும் இடங்களை அறிந்த உள்ளூர் வழிகாட்டி உடன் இருப்பது, எந்தக் கருவியையும்விட நம்பகமானது.

சுருக்கமாக

• வெவ்வேறு நிறுவனங்களின் இரு சிம்களைக் கொண்டு செல்லுங்கள்.
• வரைபடத்தை முன்னரே பதிவிறக்கம் செய்யுங்கள்; திரும்பும் நேரத்தை ஒருவரிடம் தெரிவியுங்கள்.
• முகாமை அடைந்தவுடன், வெளிச்சம் இருக்கும்போதே சிக்னல் கிடைக்கும் இடத்தைக் கண்டறிந்து குழுவினர் அனைவருக்கும் காட்டுங்கள்.
• அழைப்பு இயலாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.
• பூஸ்டர், அனுமதியற்ற செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றைத் தவிருங்கள்.
• ஆபத்து நேரத்தில் 112ஐ அழையுங்கள்.